மார்க் 4 அம்பாசிடரில் இசுசு இன்ஜின்: பழைய காயிலையே மாட்டலாமா?

8 மார்ச் 2025, கடலூர் வாசகர் ஒருவரின் கேள்வி

"என்னிடம் இருப்பது மார்க் 4 அம்பாசிடர். பழைய 1489 சிசி இன்ஜின் புகை தள்ளத் தொடங்கியதால், உடைக்க வந்த ஒரு கான்டெஸாவின் 1.8 இசுசு பெட்ரோல் இன்ஜினைக் கியர்பாக்ஸோடு வாங்கி, மஞ்சக்குப்பத்தில் ஒரு பட்டறையில் இறக்கியாகிவிட்டது. இப்போது காயிலில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் இக்னிஷன் காயில்) வேலை நிற்கிறது. என் வண்டியின் பழைய காயில் நன்றாகவே இருக்கிறது. இன்ஜினோடு இன்னொரு காயிலும் வந்திருக்கிறது. 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் எல்லாக் காயிலும் ஒன்றுதான், கைக்குக் கிடைத்ததை மாட்டலாம் என்கிறார் மெக்கானிக். அது சரிதானா?"

9 மார்ச் 2025

சரியில்லை. 12 வோல்ட் என்ற எழுத்து வண்டியின் பேட்டரி எது என்பதைத்தான் சொல்கிறது. அந்தக் காயில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைச் சொல்வதில்லை. காயிலின் மின்சாரத்தை ஓடவிட்டும் வெட்டியும் ஸ்பார்க்கை உண்டாக்கும் சுவிட்சான சி.பி. பாயிண்ட் (கான்டாக்ட் பிரேக்கர்) கருகுவதும் கருகாமல் இருப்பதும் அந்த அளவைப் பொறுத்தது.

முதலில் ஒரு ஆறுதல். நீங்கள் செய்திருப்பது அம்பாசிடருக்குப் புதிய மாற்றம் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1817 சிசி இசுசு இன்ஜினை அம்பாசிடரில் பொருத்தி 1800 ஐ.எஸ்.இசட். என்ற பெயரில் விற்றது. ஆகவே அந்த உடலுக்கு இந்த இன்ஜின் அந்நியமில்லை. ஆனால் தொழிற்சாலையில் வந்த வண்டிக்கு வயரிங்கும் அதற்கென்றே வந்தது. உங்கள் வண்டியில் வயரிங் பழைய இன்ஜினுடையது, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் புதிய இன்ஜினுடையது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உட்காரப்போவது காயில். அதனால் அது எந்த இன்ஜினிலிருந்து வந்தது என்று கேட்பதைவிட, மின்சாரம் எந்த வழியாக அதற்குள் வருகிறது, வெளியே போகும் வழியில் அதை வெட்டிவிடுவது எது என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன: தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள் கொண்ட பிரைமரி, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட செகண்டரி. பாயிண்ட் மூடியிருக்கும்போது பிரைமரியில் மின்சாரம் ஏறிக் காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறந்த நொடியில் அந்தப் புலம் சரிந்து, செகண்டரியில் பல்லாயிரம் வோல்ட்டாக வெளிப்படுகிறது. வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று அடைத்தால் குழாய் முழுதும் அதிர்கிறதே, அதைப் போன்ற விளைவுதான் இது. எவ்வளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததோ அதன் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கின் ஆற்றல் அமையும். அதே மின்சாரத்தைத்தான் பாயிண்டின் சிறு முகம் ஒவ்வொரு முறையும் வெட்டியாக வேண்டும்.

வழக்கமான பாயிண்ட் வண்டிக்கான காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம் இருக்கும். வண்டி ஓடும்போது 13.8 வோல்ட் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 4.6 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் அதைத் தாங்கும். மின்சாரத்தைக் கட்டுப்படுத்தக் காயிலுக்கு முன்னால் தொடராக மாட்டும் பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்த்து ஓட வேண்டிய காயிலின் பிரைமரி சுமார் 1.5 ஓம், ரெசிஸ்டரும் 1.5 ஓம் அளவில் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் மறுபடியும் 3 ஓம். அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாட்டினால் 9.2 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் நீலம் பாரித்துக் குழி விழும். காயில் தொட முடியாதபடி கொதிக்கும். பாயிண்டுக்குப் பதிலாக மின்சாரத்தை வெட்டும் எலக்ட்ரானிக் மாட்யூலுக்கென்று வந்த காயில்களில் பிரைமரி 1 ஓமுக்கும் கீழே இருப்பதுண்டு. மாட்யூல் தானே மின்சாரத்தை அளந்து கட்டுப்படுத்தும் என்பதால் அங்கே அது பொருந்தும். பாயிண்டுக்கு அது எமன்.

ஆகவே இரண்டு வேலைகளை உடனே செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே பாயிண்ட் இருக்கிறதா, மாட்யூல் இருக்கிறதா என்று பாருங்கள். கைமாறிக் கைமாறி வந்த இன்ஜின் என்பதால், வண்டியின் பெயரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. பிறகு இரண்டு காயில்களின் பிரைமரி ஓம் அளவையும், வயர்களைக் கழற்றிய நிலையில் அளந்து எழுதுங்கள்.

9 மார்ச் 2025, இரவு

அளப்பதற்கு முன் ஒன்று. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டர்களில் அந்த வயர்களுக்கே 0.3 முதல் 0.5 ஓம் வரை இருக்கும். 3 ஓம் காயிலுக்கு அது பெரிய பிழையாகத் தெரியாது, 1.5 ஓம் காயிலை 2 ஓம் என்று காட்டினால் நீங்கள் குழம்பிப்போவீர்கள். கிடைத்த அளவிலிருந்து அதைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

13 மார்ச் 2025

அளவுகளைப் பார்த்தேன். பழைய அம்பாசிடர் காயில் 3.1 ஓம், இன்ஜினோடு வந்தது 1.5 ஓம், டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட். இன்ஜினோடு வந்த காயிலின் கிளாம்ப்பில் வெள்ளைப் பீங்கான் கட்டி ஒன்று இருந்ததாகவும், எதற்கென்று தெரியாமல் மெக்கானிக் அதைக் கழற்றிக் கழிவு டப்பாவில் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த டப்பாவை யாரும் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் பாலாஸ்ட் ரெசிஸ்டர். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கும் பழைய இன்ஜின்களில் முதலில் காணாமல்போவது இந்தக் கட்டிதான். பார்வைக்கு அது ஒரு பாகம் போலவே இருப்பதில்லை.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 3.1 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் நேராக மாட்டுவது. மற்றொன்று, 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டரோடு மாட்டி, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி முழு வோல்ட்டும் காயிலுக்குப் போகும்படி தனி வயர் கொடுப்பது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கோ அதற்குக் கீழோ இறங்கும். அந்தச் சில நொடிகளில் காயிலுக்கு நேராக 10 வோல்ட் கொடுத்தால் 6.6 ஆம்பியர் வரை ஓடி நல்ல ஸ்பார்க் வரும். வண்டி பிடித்துச் சாவியை விட்டதும் ரெசிஸ்டர் மறுபடி இடையில் வந்துவிடும்.

இரண்டாம் வழிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நான்கு சிலிண்டர் இன்ஜின் 5000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது, ஒரு ஸ்பார்க்குக்கும் அடுத்ததற்கும் இடையே 6 மில்லிசெகண்ட்தான் கிடைக்கிறது; அதில் பாயிண்ட் மூடியிருப்பது ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட். 3 ஓம் காயிலுக்கு உதாரணமாக 8 மில்லிஹென்றி இண்டக்டன்ஸ் (மின்சாரம் சட்டென்று ஏறுவதைத் தடுக்கும் குணம்) இருப்பதாக வைத்தால், அந்த நேரத்தில் மின்சாரம் முழு அளவில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். குறைந்த ஓம் காயிலுக்கு இண்டக்டன்ஸும் குறைவு என்பதால் அது வேகமாக நிரம்பும். ஆனால் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்வரும் வண்டிக்கு 5000 ஆர்.பி.எம். எங்கே தேவைப்படுகிறது? முதல் வழியையே தேர்ந்தெடுங்கள். வயர் குறைவு, சந்தேகம் குறைவு. பழைய காயில், நேர் இணைப்பு.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டையும் கலக்காதீர்கள். 3.1 ஓம் காயிலை ரெசிஸ்டர் வழியாக மாட்டினால் மின்சாரம் 3 ஆம்பியருக்கு இறங்கி, ஸ்பார்க்கின் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். பட்டறையில் ஐடிலிங்கில் வண்டி அழகாக நிற்கும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தென்பெண்ணைப் பாலத்தில் மிதித்தால் மிஸ்ஸிங் அடிக்கும். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், ஜெட்டை மாற்றுவார்கள், பெட்ரோல் பம்பைக் குறை சொல்வார்கள்.

16 மார்ச் 2025

காயிலை எங்கே மாட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பலர் கடைசி நிமிடத்தில், கை எட்டும் இடத்தில் எங்காவது இரண்டு ஸ்க்ரூ போட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த ஈடுபாடு உண்டு, ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

புதுச்சேரியில் என்னிடம் இருப்பது மார்க் 3, அதே இசுசு இன்ஜின். நான் வாங்கியபோது, முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ காயிலை இன்ஜின் பிளாக்கிலேயே ஒரு பட்டையை வளைத்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தள்ளி மாட்டியிருந்தார்கள். காலையில் முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பினால் வண்டி பாடிக்கொண்டு போகும். மே மாதத்து மதியத்தில் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் திணறத் தொடங்கும். நிழலில் நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, ஒரு இளநீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி பாடும். பெட்ரோல் ஆவியாகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஏனென்றால் இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே. திணறும் நேரத்திலேயே ஹெச்.டி. வயரை (உயர் வோல்ட்டைக் கொண்டுபோகும் தடித்த வயர்) கழற்றி ஸ்பார்க்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நீலமாகச் சொடுக்க வேண்டியது மஞ்சளாக, நூலாக வந்தது. காயிலைப் பக்கவாட்டுத் தகட்டுக்கு, மேனிஃபோல்டுக்கு எதிர்ப்புறத்துக்கு மாற்றினேன். அதே காயில்தான், இன்றும் ஓடுகிறது.

காயில் தன் வேலையாலேயே சூடாகும் பொருள். 3 ஓமில் 4.6 ஆம்பியர் என்றால் 63 வாட். ஓடும்போது பாயிண்ட் மூன்றில் இரண்டு பங்கு நேரம் மூடியிருக்கிறது என்று கொண்டால் 40 வாட்டுக்கு மேல் வெப்பம் அந்தச் சிறு டப்பாவுக்குள் உண்டாகிறது. வேகம் கூடும்போது, நிரம்புவதற்குள் வெட்டப்படுவதால், இது குறையும். ஆகவே காயிலுக்குப் பெரிய சோதனை நெடுஞ்சாலையில் இல்லை, மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போதுதான். உள்ளே இருக்கும் எண்ணெய் அந்தச் சூட்டை டப்பாவின் சுவருக்குக் கொண்டுவருகிறது, சுவரிலிருந்து கிளாம்ப் வழியாகத் தகட்டுக்குப் போகிறது. எனவே கிளாம்ப் அகலமாகவும், டப்பாவை முழுச் சுற்றும் பிடிப்பதாகவும், உலோகத் தகட்டோடு ஒட்டியும் இருக்க வேண்டும். அதிர்வைக் குறைக்கிறேன் என்று சிலர் ரப்பர் சுற்றி மாட்டுகிறார்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

உங்கள் இன்ஜினில் எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்துப் பக்கவாட்டுத் தகடு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வயர் செருகும் கோபுரத்துக்கு ஹெச்.டி. வயர் இழுபடாமல் எட்டும் தூரம், ரேடியேட்டர் காற்று ஓரளவு படும் உயரம்: இந்த மூன்றும் கூடும் இடம்தான் சரியான இடம். பழைய இன்ஜினுக்கு இருந்த துளைகளிலேயே மாட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விட்ட துளைகளை மட்டும் அடைத்துப் பெயின்ட் தொட்டுவிடுங்கள். நம் கடற்காற்றில் திறந்த துளை ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பெரிதாகும்.

17 மார்ச் 2025

நிமிர்த்தி மாட்டுவதா, படுக்க வைப்பதா என்று ஒரு கேள்வி. எண்ணெய் நிரப்பிய காயிலை நிமிர்த்தியும் மாட்டலாம், படுக்க வைத்தும் மாட்டலாம். தலைகீழாக மட்டும் வேண்டாம். நிமிர்த்தினால் கோபுரத்தின் வாய் மழைநீரை ஏந்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நான் சற்றே சாய்த்து மாட்டியிருக்கிறேன்.

23 மார்ச் 2025

காயிலுக்கு வரும் வெள்ளை வயரைக் கழற்றி, சாவியைப் போட்டு அளந்தீர்கள், 12.4 வோல்ட் வந்தது, ஆகவே வழியில் ரெசிஸ்டன்ஸ் எதுவும் இல்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த முடிவை நிறுத்தி வையுங்கள். மின்சாரம் ஓடாதபோது எந்த ரெசிஸ்டரும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. மீட்டர் இழுப்பது மிக மிகச் சிறிய மின்சாரம், வழியில் 1.5 ஓம் இருந்தாலும், பச்சை பூத்துப் பாதி அறுந்த வயர் இருந்தாலும், அது 12.4 என்றே காட்டும்.

இப்படி அளந்து பாருங்கள். காயிலை முழுமையாக இணையுங்கள். இன்ஜினைக் கையால் சுழற்றிப் பாயிண்ட் நன்றாக மூடிய நிலையில் நிறுத்துங்கள். சாவியைப் போட்டு, காயிலின் பிளஸ் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையில் அளந்து, உடனே சாவியை எடுத்துவிடுங்கள். அதே நிலையில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையிலும் அளந்துகொள்ளுங்கள். நேர் இணைப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

24 மார்ச் 2025

பேட்டரி 12.4, காயில் 8.9. வழியில் 3.5 வோல்ட் காணாமல்போகிறது. 3.1 ஓம் காயிலில் 8.9 வோல்ட் என்றால் ஏறத்தாழ 2.9 ஆம்பியர் ஓடுகிறது. அப்படியானால் அந்த வழியில் 1.2 ஓம் ஒளிந்திருக்கிறது. நீங்கள் பீங்கான் கட்டியை மாட்டவே இல்லை, ஆனாலும் யாரும் பொருத்தாத ஒரு ரெசிஸ்டர் உங்கள் வண்டியில் வேலை செய்துகொண்டிருக்கிறது. பழைய இன்ஜின் கடைசிக் காலத்தில் இழுவை இல்லாமல் போனதற்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம்.

இரண்டு சாத்தியங்கள். சில வண்டிகளில் பீங்கான் கட்டிக்குப் பதிலாக, வயரிங்குக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் வயர் ஒன்றை ஓட்டியிருப்பார்கள். இடையில் யாராவது வயரிங் மாற்றியிருந்தால் அது உள்ளே வந்திருக்கலாம். அதைவிட எனக்கு வலுவாகத் தோன்றுவது துரு. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு இவ்வளவு அருகில் நிற்கும் வண்டியில், வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர்கள் உள்ளே பச்சை பூத்திருக்கும். வயர் முழுதும் ஒரே சீராக வெதுவெதுப்பாக இருந்தால் ரெசிஸ்டன்ஸ் வயர். ஒரே ஒரு இணைப்பு மட்டும் சுட்டால் துரு.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலேயே வைத்துக்கொண்டு, பாயிண்ட் மூடிய அதே நிலையில், மற்ற முனையை ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே காயில் வரை வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அங்கேதான் குற்றம். பிரிட்டிஷ் நிறுவனமான லூக்காஸின் முறை வயரிங்கில் பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை நிறம் சாவியைத் தாண்டிக் காயிலுக்குப் போவது, வெள்ளையில் கறுப்புக் கோடு காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது. பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை முழுதாக நம்பாதீர்கள், ஆனால் தேடத் தொடங்குவதற்கு அது உதவும்.

30 மார்ச் 2025

சாவியின் உள் முனைகளில் 0.9 வோல்ட், இன்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டிய புல்லட் கனெக்டரில் 2.1 வோல்ட், மிச்சம் அங்கங்கே சிறு துளிகள். எதிர்பார்த்த இடம்தான். அந்த கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, வயரைச் செம்பு பளபளக்கும் வரை பின்னால் உரித்துப் புதிய லக் போட்டுக் கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். உரிக்க உரிக்கச் செம்பு கறுப்பாகவே வந்தால், அந்த வயர் உள்ளுக்குள் உப்பை உறிஞ்சியிருக்கிறது. முழு வயரையும் மாற்ற வேண்டியதுதான்.

சாவியின் 0.9 வோல்ட்டுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) போடுங்கள் என்பது என் யோசனை. பழைய வெள்ளை வயர் ரிலேயை இயக்குவதற்கு மட்டும் பயன்படட்டும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, பிறகு காயில் பிளஸ். சாவி இனி 4.6 ஆம்பியரைச் சுமக்க வேண்டியதில்லை.

இன்ஜின் மாற்றிய வண்டி என்பதால் எர்த்தையும் பாருங்கள். பாயிண்டின் எர்த் டிஸ்ட்ரிபியூட்டர் உடல் வழியாக இன்ஜினுக்கும், இன்ஜினிலிருந்து எர்த் பட்டை வழியாக பாடிக்கும் போகிறது. இன்ஜினோ ரப்பர் மவுன்ட்களின் மேல் நிற்கிறது. இறக்கி ஏற்றும்போது அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டால், மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகத் திரும்ப வழி தேடும். செல்ஃப் அடிக்கும்போது அந்தக் கேபிள்கள் சுட்டுப் புகைவதுண்டு.

6 ஏப்ரல் 2025

ரிலே பற்றி மறுபடி யோசித்தேன். வில்லியனூர் நண்பர் ஒருவர், ஓட்டத்தில் ரிலே செத்தால் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடுமே, நல்ல சாவி ஒன்றைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டது நியாயமாகவே படுகிறது. நான் சொன்னது தேய்ந்த சாவியைக் காப்பாற்றும் வழி. புதிய சாவி கிடைத்து, அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இறங்குகிறது என்றால், ரிலே இல்லாமல் நேராகக் கொடுப்பது இன்னும் எளிமையானது. கிடைக்காவிட்டால் ரிலே போட்டு, அதே ரிலே இன்னொன்றைக் கையுறைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1.5 ஓம் காயில் வழியை எடுக்க நினைக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். செல்ஃப் நேரத்து வயரை, செல்ஃபின் சாவி முனையிலிருந்தே நேராக எடுத்துக் காயில் பிளஸ்ஸில் கட்டிவிடாதீர்கள். வண்டி ஓடும்போது காயிலுக்கு வரும் மின்சாரம் அதே வயரில் பின்னோக்கிப் போய், செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலனாய்டைப் பிடித்து வைக்கக்கூடும். சாவியை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். காயிலுக்கென்று தனி முனை உள்ள சோலனாய்டு வேண்டும், அல்லது தனி ரிலே வேண்டும். பீங்கான் கட்டியும் 30 வாட் அளவுக்குச் சுடும் பொருள். பெட்ரோல் ஹோஸுக்கு அருகில் அதை மாட்டக் கூடாது.

19 ஏப்ரல் 2025

வில்லியனூர் நண்பரின் காயிலில் பிளஸ், மைனஸ் குறிகள் இல்லை, எஸ்.டபிள்யூ., சி.பி. என்று பொறித்திருக்கிறது. எஸ்.டபிள்யூ. என்பது சாவிப் பக்கம், சி.பி. என்பது பாயிண்ட் பக்கம். பிளஸ் எர்த்தாக இருந்த காலத்து பிரிட்டிஷ் வண்டிகளின் காயில்களில் இந்தக் குறிகள் உண்டு. இன்றைய மைனஸ் எர்த் வண்டியில் அதே குறிப்படி மாட்டினால் ஸ்பார்க்கின் திசை தலைகீழாகும்.

திசை தலைகீழானாலும் வண்டி ஓடும். அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. பிளக்கின் நடு முனை சூடாக இருப்பது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாகக் கிளம்பும். ஆகவே நடு முனை மைனஸாக இருந்தால் குறைந்த வோல்ட்டிலேயே ஸ்பார்க் தாண்டும். மாறியிருந்தால் காயில் ஒவ்வொரு முறையும் கூடுதலாக உழைக்க வேண்டும். பிளக் தேய்ந்த பிறகு, பாரம் ஏறியபோது, அது மிஸ்ஸிங்காக வெளிப்படும்.

சோதிக்க ஒரு மரப் பென்சில் போதும். ஹெச்.டி. வயரின் முனைக்கும் பிளக்குக்கும் இடையில் சிறு இடைவெளி விட்டு, சீவிய பென்சிலின் கரிமுனையை நடுவில் நுழைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுடர் பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவே விரிந்தால் திசை சரி. பென்சிலுக்கும் வயருக்கும் நடுவே விரிந்தால் காயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்றுங்கள். பென்சிலை உலர்ந்த கையால், உலர்ந்த ரப்பர் கையுறையோடு பிடியுங்கள். பெட்ரோல் கசிவு எங்கேயும் இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

20 ஏப்ரல் 2025

வில்லியனூர் நண்பர் ஃபயரிங் வரிசை (சிலிண்டர்கள் ஸ்பார்க் பெறும் வரிசை) பற்றியும் கேட்டிருக்கிறார். பழைய 1489 இன்ஜினுக்கும் இசுசுவுக்கும் 1-3-4-2 தான். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைப் பொறுத்து, மூடியில் அந்த வரிசை இடமாகவோ வலமாகவோ போகும். மூடியைக் கழற்றி, செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி, ரோட்டார் போகும் திசையைக் கண்ணால் பார்த்துவிட்டு வயர்களைச் செருகுங்கள்.

11 மே 2025

வண்டி ஓடத் தொடங்கிவிட்டது என்ற செய்தி மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. காயிலுக்கு இப்போது 12.1 வோல்ட் வருகிறது என்பது அதைவிட.

கடலூரிலிருந்து புதுச்சேரி வந்து நிறுத்தியதும் காயிலை அளந்தால் 3.7 ஓம் காட்டுகிறது, கெட்டுவிட்டதா என்று கேட்கிறீர்கள். கெடவில்லை. செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு ஏறும். 30 டிகிரியில் 3.1 ஓம் இருந்த காயில் 80 டிகிரியில் 3.7 ஓம் காட்ட வேண்டும். உங்கள் காயில் கணக்குப்படி நடக்கிறது. கவலைப்பட வேண்டியது எண் இறங்கும்போதுதான், சுற்றுகள் தமக்குள் ஒட்டிக்கொண்டால் அப்படி ஆகும். செகண்டரியையும் நடுக் கோபுரத்திலிருந்து அளந்து வையுங்கள். இவ்வகைக் காயில்களில் 6,000 முதல் 15,000 ஓம் வரை இயல்பு. இன்சுலேஷன் பலவீனமாவதை மட்டும் எந்த மல்டிமீட்டரும் காட்டாது. அதற்குச் சூட்டில் ஸ்பார்க்கை நேரில் பார்ப்பதுதான் வழி.

எலக்ட்ரானிக் கிட் போட்டுவிடுங்கள், பாயிண்ட் தொல்லையே போய்விடும் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். போடலாம், நல்ல பொருள்கள் இருக்கின்றன. போடுமுன் அந்தக் கிட் எத்தனை ஓம் காயிலை ஏற்கும் என்று படித்துப் பாருங்கள். என் விருப்பம் பாயிண்ட்தான். அது சாகும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாகிறது. ஒரு உப்புத்தாள் துண்டு இருந்தால் சாலையோரத்திலேயே வீடு போய்ச் சேரும் அளவுக்குச் சரிசெய்ய முடிகிறது.

12 மே 2025

பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைப் போட்டுவிட்டு வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் மின்சாரம் இடைவிடாமல் ஓடும். எண்ணெய் கொதித்து மூடி பிதுங்கிய காயில்களைப் பார்த்திருக்கிறேன். ரேடியோவுக்குச் சாவி வழியாக வராத தனி வயர் கொடுங்கள்.

28 அக்டோபர் 2025

மழை தொடங்கிவிட்டதால் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது என் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு தெருவில் பல வண்டிகள் பிடிக்கவில்லை. என் வண்டி உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்ததும் பிடித்தது. காயில் உயரமாகவும் கோபுரத்துக்கு நல்ல ரப்பர் தொப்பியோடும் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கடற்காற்றில் வரும் உப்பு, காயில் கோபுரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். உலர்ந்திருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. ஈரம் பட்டதும் மின்சாரம் கோபுரத்தின் வெளிப்புறத்தில் வழிந்து, சிறு முனைக்கோ கிளாம்ப்புக்கோ இறங்கும். இரவில் பானட்டைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் அந்த நீலக் கோடு தெரியும். ஒரு முறை வழிந்த இடத்தில் கரிக்கோடு விழுந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. அடுத்த முறையும் அதே கோட்டில்தான் இறங்கும், காயிலை மாற்ற வேண்டும். கோடு விழாத காயிலைச் சுத்தமான துணியால் துடைத்து, ரப்பர் தொப்பியின் உட்புறத்தில் சிலிக்கான் கிரீஸ் மெல்லப் பூசி அழுத்தி மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும் இதையே செய்யுங்கள்.

பாயிண்டைத் திறந்து பார்த்ததில் ஒரு முகத்தில் சிறு மேடும் மறு முகத்தில் சிறு குழியும் தெரிகிறது, ஆனால் நிறம் சாம்பலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சாம்பல் நிறம் நல்ல செய்தி, காயில் அதிகமாக இழுக்கவில்லை என்று பொருள். மேடும் குழியும், பாயிண்டில் தீப்பொறியைக் குறைக்கும் கன்டன்சரின் அளவு சற்றே ஒத்துப்போகாததால் வருபவை, 0.2 மைக்ரோஃபாரட் அளவில் வேறொரு கன்டன்சர் போட்டுப் பாருங்கள். இடைவெளியையும் அளந்து, உங்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். சுழலும் கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்னால் போகும். கேமில் கிரீஸ் இல்லாவிட்டால் அது இன்னும் வேகமாகத் தேயும், ஆகவே ஒரு பொட்டுக் கிரீஸ் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிறகு டைமிங் லைட் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.